நெட்டுக்குப்பத்தில் ஐந்து குழிகள்

மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மருமகன் போன் செய்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் எங்கள் பக்கத்திலும் வழக்கம். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாதென்றால் தாய்வீடுதான் மகளிடம் போக வேண்டும். அப்படித்தான் நானும் என் மனைவி லெட்சுமியும் மலேசியாவில் போர்ட்டிக்சனிலிருந்து கிளம்பி, சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கழிமுகம் கடலைத் தொடுகிற இடத்தில் இருக்கும் நெட்டுக்குப்பத்துக்குப் போனோம்.

லெட்சுமி மகளோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

முதல் நாள் சாலையிலேயே கழிந்தது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் கடலோரச் சாலையில் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. எங்கள் டாக்சிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டிக்கொண்டார். "சார், பேஜாரு ஆயிப்போச்சு. இன்னிக்கு நமக்கு இங்கதான் குடித்தனம்" என்றார்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நின்றதில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற லாரியின் டிரைவர் நாமக்கல்காரர். டிரெய்லருக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, கேட்காமலே இரண்டு டம்ளர் நீட்டினார். லெட்சுமி குடித்துவிட்டு, "சீனி அதிகம்" என்றாள். விமானம் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, எங்களூர் பிஸ்கட் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள். அவள் அப்படித்தான். வாயால் ஒன்று சொல்வாள், கை வேறொன்று செய்யும்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர் முனையில் போய் இறங்கினோம். சம்பந்தியம்மா காசியம்மா ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, கறுத்து இறுகிய உடம்பு. கணவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இறந்து பல வருஷம் ஆயிற்று. "வா சம்மந்தி, வாண்ணே" என்றபடி எங்கள் பெரிய பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறது என்று நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன். அவர் காதில் விழவில்லை. கடல் அப்படி இரைந்தது. எங்கள் போர்ட்டிக்சன் கடல் குளம் மாதிரி, இருக்கிற இடம் தெரியாது. இது வாசலில் நின்று சண்டை போடுகிற கடல்.

மகள் கவிதா வாசற்படியில் நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்து, "வாங்கம்மா" என்றாள். லெட்சுமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்தது. "நின்னுக்கிட்டே இருக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு வருஷத்துக்கான பேச்சு அத்தோடு முடிந்தது.

என்ன சண்டை என்று சொல்லிவிடுகிறேன். மருமகன் தேவா எங்கள் ஊர் எண்ணெய் ஆலைக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தவன். கவிதா அங்கே குமாஸ்தா. கல்யாணம் செய்துகொண்டு அவனோடு போகிறேன் என்றாள். "ஊருக்கா?" என்றாள் லெட்சுமி. எங்களுக்கு ஊர் என்றால் இந்தியா. மூன்று தலைமுறைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் கப்பலேறித் தப்பித்து வந்த இடம், அதற்குத் திரும்பிப் போவதற்கா படிக்கவைத்தேன் என்று கத்தினாள். அதற்குக் கவிதா, "நீங்க எப்ப வீட்ல இருந்தீங்க, இப்ப என்னை இருன்னு சொல்றீங்க?" என்றாள். அந்த வார்த்தைதான் முள்ளாக நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் காலை. தேவா துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிவிட்டான். காசியம்மா விடியுமுன்பே எங்கோ போய்விட்டு வெயில் ஏறும்போது திரும்பி வந்தார். வரும்போதே ஒரு பாத்திரத்தில் வடகறி வாங்கி வந்திருந்தார். இட்லிக்கு வடகறி என்ற சேர்க்கையை நான் அன்றுதான் கண்டேன். எங்களூர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கும் அது நன்றாகப் போகும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"பசியாறிட்டீங்களா சம்பந்தி?" என்று லெட்சுமி மரியாதைக்குக் கேட்டாள். காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

காசியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சம்மந்தி, கதாகாலட்சேபம் மாதிரி பேசற! நாஷ்டா துண்ட்டியான்னு கேளு."

அவர் படியில் உட்கார்ந்து கால் கழுவினார். பாதம் இரண்டும் கரிய எண்ணெயாக இருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தும் போகவில்லை. என்ன வேலை என்று லெட்சுமி கேட்டாள்.

"அதோ, சவுக்குத்தோப்புக்கு அந்தாண்ட கம்பெனி ஆபீசருங்க கோல்பு ஆடற எடம் கீது. அத்த கூட்டிப் பெருக்கறது. குழியச் சுத்தி ஆயில் மண்ணு போட்டு இழுக்கறது. பதினெட்டு வருஷமா அதான்."

லெட்சுமி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நானும் கோல்ஃப் மைதானத்துலதான் இருந்தேன். இருபத்திரண்டு வருஷம் கேடியா இருந்தேன்."

காசியம்மா துணியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கேடியா? இன்னா சம்மந்தி சொல்ற? ஸ்டேஷன்ல போட்டோ மாட்டிக் கீதா?"

எனக்கு விளங்கவில்லை. உள்ளே தூங்குவதாக நினைத்த தேவா போர்வைக்குள்ளிருந்து குலுங்கிச் சிரித்தான். இங்கே கேடி என்றால் போலீஸ் பட்டியலில் இருக்கிற ரவுடியாம். விளையாடுகிறவர்களுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை, எந்தக் கம்பு எடுக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று சொல்லித் தர வேண்டும் என்று லெட்சுமி விளக்கினாள். காசியம்மா கேட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்கம்மா நம்ம தொழிலுன்னு ஒரு வார்த்த சொல்லலியே நீ?"

கவிதா இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். லெட்சுமி எழுந்து கை கழுவப் போனாள்.

மூன்றாம் நாள் ராயபுரத்தில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். நாங்கள் மூன்று பேர் மட்டும். உப்பைக் குறைக்க வேண்டும், சாயங்காலம் கொஞ்சம் நடக்க வேண்டும், மனசில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார் டாக்டரம்மா. கடைசியாகச் சொன்னதற்கு மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தோம்.

கவிதாவுக்கு அத்தோ சாப்பிட வேண்டும் போலிருந்தது. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். மஞ்சள் நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவது. எங்களூரில் மீ என்று விற்கிற நூடுல்ஸின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கடைக்காரருக்கு எங்கள் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. "மலேசியாவா? நாங்க ரங்கூன்" என்றார், ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி. அவர் கை உப்புக் கிண்ணத்துக்குப் போனபோது லெட்சுமி, "அந்தத் தட்டுக்கு உப்பு வேணாம்" என்றாள். மகளிடம் சொல்லவில்லை, கடைக்காரரிடம்தான் சொன்னாள். கவிதா உப்பில்லாத அத்தோவை முழுவதும் தின்றாள்.

திரும்பும் மின்சார ரயில் திருவொற்றியூர் தாண்டியதும் நின்றுவிட்டது. கரண்ட் இல்லை. விசிறி நின்றது, வெயில் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர் இருக்கையில் காலிக் கூடைகளோடு இரண்டு பெண்கள், சூலூர்பேட்டைப் பக்கத்துக்காரர்கள், தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள் என்பதால் எனக்கு அந்தப் பாஷை புரியும். அது அவர்களுக்குத் தெரியாது.

"அந்தம்மாவைப் பாரேன். பொண்ணோட பையை மடியில வெச்சுக் கொழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சிருக்கா" என்றாள் ஒருத்தி.

"ஏறினதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை" என்றாள் மற்றவள்.

"யார் முதல்ல பேசறதுன்னு இருக்கும். எங்கம்மாவும் நானும் அப்படித்தான் இருந்தோம். அப்புறம் அவ செத்துப் போயிட்டா."

லெட்சுமி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். காற்று முழுவதும் கவிதா பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ரயில் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. மைதானத்தில் ஆட்டம் கிடையாது. டாக்டர் நடக்கச் சொன்னாரே, அந்தப் பக்கம் போய்க் காற்று வாங்கலாம் என்று காசியம்மா, தூங்குகிற தேவாவை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனார்.

சவுக்குத்தோப்பைத் தாண்டியதும் லெட்சுமி நின்றுவிட்டாள். அவள் வேலை பார்த்த இடம் கம்பளம் விரித்த மாதிரிப் பச்சை, தூசி விழுந்தால்கூடத் தெரியும். இங்கே கண்ணுக்கு எட்டிய வரை மணல். இடையிடையே அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். முன்பு ஒன்பது குழி இருந்ததாம். நாலு குழியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சம் ஐந்து. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பெரிய வட்டமாக, பழைய என்ஜின் ஆயில் கலந்த கறுப்பு மணல். காற்று வாரிக்கொண்டு போகாமலிருக்க ஆயில். அதன் மேல் சாக்குப்படுதாவைக் கயிறு கட்டி இழுத்து வழவழப்பாக்குவதுதான் காசியம்மாவின் வேலை.

லெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வட்டத்துக்குள் இறங்கினாள். குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினாள். "ஒரு சுவடுகூட இல்ல. புல்லுல இப்படிச் செய்ய எங்க ஊர்ல மெஷின் வேணும்" என்றாள். யாரையும் எளிதில் புகழாதவள். காசியம்மா படுதாக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"நீ ஆடுவியா சம்மந்தி?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் ஆடினதில்ல."

"இருவத்தி ரெண்டு வருஷத்துல?"

லெட்சுமி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மைதானத்தில் ஒரு காலத்தில் திங்கட்கிழமை காலையில் கேடிகள் ஆடலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அவள் ஆசையோடு வந்து சொன்னாள். திங்கட்கிழமை எனக்கு லீவு. "அன்னைக்கு ஒரு நாள்தான் நான் வீட்ல இருக்கேன். சோறு யார் ஆக்குறது?" என்று கேட்டேன். அவள் சரி என்றாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. நானும் அதை மறந்துபோனேன். மறந்துபோனதாக அந்த மணலில் நிற்கும்வரை நினைத்திருந்தேன்.

காசியம்மா ஓலைக் கொட்டகைக்குள் போய் இரண்டு மட்டைகளோடு வந்தார். ஒன்று துருப்பிடித்தது, முள்புதரில் விழுந்த பந்துகளை இழுத்து எடுக்க வைத்திருப்பது. இன்னொன்று யாரோ விட்டுப்போன, குழிக்குள் தள்ளுகிற மட்டை. மடியில் நாலைந்து பந்து. "ஒரு ஆட்டம் போடலாமா?" என்றார்.

"ஆள் வந்தா?"

"செவ்வாக்கெழம எவன் வரப்போறான்?"

கவிதாவை நிழலில் ஒரு கவிழ்ந்த படகின் மேல் உட்காரவைத்தோம். நான் தண்ணீர் பாட்டிலையும் இரண்டு மட்டைகளையும் தூக்கிக்கொண்டேன். "நான்தான் இன்னைக்குக் கேடி" என்றேன். லெட்சுமி சிரிக்கவில்லை. ஆனால் துருப்பிடித்த மட்டையை என் கையிலிருந்து வாங்கும்போது, எசமான் கேடியிடம் வாங்குவது போலத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

முதல் அடி. ஆயிரம் பேருக்குத் தலையைத் தூக்காதே, பந்தைப் பார் என்று சொல்லிக் கொடுத்தவள், தலையைத் தூக்கினாள். மணல்தான் பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்து காசியம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, துணி துவைக்கிற மாதிரி ஓங்கி ஒரே போடு. பந்து விர்ரென்று போய்ச் சவுக்கு மரத்தில் மோதி, நல்ல பிள்ளையாக நடுவில் வந்து விழுந்தது. "எம்மாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாவது தடவை லெட்சுமி அவசரப்படவில்லை. காற்றுக்கு முகத்தைக் காட்டினாள். காலை மணலில் ஊன்றித் தேய்த்தாள். மட்டை பின்னால் போனது, தோள் திரும்பியது, அப்புறம் நான் ஒரு சத்தம்தான் கேட்டேன், தீக்குச்சி கிழிக்கிற மாதிரி. பந்து எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அது கடல்பக்கம் வளைந்து, காற்றில் சாய்ந்து, கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் போய் இறங்கியது. படகின் மேல் உட்கார்ந்திருந்த கவிதா எழுந்து நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் உட்காரவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு குழிக்குக் குழி கூடவே நடந்து வந்தாள். இரண்டு பெண்களும் மாறி மாறி அடித்தார்கள். காசியம்மாவின் ஒரு பந்து கடலுக்குள் போனது. இன்னொன்று நண்டு வளைக்குள் உருண்டு போய்விட்டது. அதைக் கையை விட்டு எடுப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதம் நடந்தது. நான் மட்டையைத் தப்பாக நீட்டியதற்கு லெட்சுமியிடம் திட்டு வாங்கினேன். நாலு குழி முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

ஐந்தாவது குழிக்குப் போகும்போது பைக் சத்தம் கேட்டது. கம்பெனி ஆபீசர் ஒருவர், மைதானப் பொறுப்பு அவருடையதாம், வண்டியை நிறுத்திவிட்டு நேராக வந்தார்.

"காசியம்மா, என்ன இது? யார் இவங்க?"

காசியம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. மட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "சம்மந்தி சார். மலேசியாவுலேந்து வந்துகீறாங்க. சும்மா காட்டலாம்னு இட்டுக்கினு வந்தேன்."

"கையில மட்டையோடவா? வேலை செய்றவங்க ஆடக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கு. போன மழைக்கு முன்னாடி ஒருத்தரை எதுக்கு நிறுத்தினோம்னு தெரியும்தானே?"

பதினெட்டு வருஷ வேலை. லெட்சுமி, "நான்தான் கேட்டேன் சார். தப்பு என்னுது" என்றாள்.

அப்போது கவிதா முன்னால் வந்தாள். மூச்சு வாங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "சார், இவங்க எங்க அம்மா. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவங்க பையைத் தூக்கிக்கிட்டு நடந்தவங்க. அந்தக் காசுலதான் நான் படிச்சேன். இன்னைக்குத்தான் முதல் தடவை ஆடுறாங்க. நானும் இன்னைக்குத்தான் பார்க்கிறேன். ஒரு குழிதான் பாக்கி. முடிச்சிட்டுப் போயிடுறோம்."

ஆபீசர் அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தார். குரல் இறங்கியது. ஆனாலும் சட்டத்தை விடவில்லை. "வெளியூர் விருந்தாளி ஆடலாம்மா, அதுக்குத் தடையில்லை. ஊழியர் மட்டையைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப நானும் ஆடல" என்று லெட்சுமி மட்டையைக் கீழே வைத்தாள்.

"சும்மா இரு சம்மந்தி" என்று காசியம்மா அவள் காதருகே வந்தார். "ஆடு. இந்தக் குழிய நானு எத்தினி ஆயிரம் தபா கூட்டிக்கீறேன். நம்மூட்டு ஆளு ஒண்ணு ஒரு தபா போடட்டும், நான் பாக்குறேன்."

லெட்சுமி அடித்தாள். பந்து கறுப்பு வட்டத்துக்குள் நின்றது. குழிக்கு ஏழெட்டு அடி. தள்ளுகிற மட்டையை வாங்கிக்கொண்டு, "எந்தப் பக்கம் ஓடும்?" என்று காசியம்மாவைக் கேட்டாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் அவளிடம் கேட்ட கேள்வி.

"இப்டிக்கா வாங்கும். கடல் பக்கம் ஒரு சாண் தள்ளி வுடு."

லெட்சுமி கடல் பக்கம் ஒரு சாண் தள்ளி விட்டாள். பந்து கறுப்பு மண்ணில் கோடு போட்டுக்கொண்டு போய், வளைந்து, குழியின் விளிம்புக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிட்டது. அவள் அதைத் தட்டப் போகவில்லை. மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுக் காசியம்மாவைப் பார்த்தாள்.

காசியம்மா கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த தொடப்பத்தை எடுத்து வந்தார். வழக்கம்போல வட்டத்தின் ஓரத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தார். கூட்டிக்கொண்டே நடுவுக்கு வந்தார். பந்தையும் கூட்டினார். அது குழிக்குள் விழுந்து கிணுக்கென்றது.

"கூட்டறது என் வேலதான சார்?" என்றார், முகத்தைத் தூக்காமல்.

ஆபீசர் குழியைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். பைக் வரை போய்விட்டுத் திரும்பி, "அந்தப் பொண்ணை ரொம்ப நடக்க விடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காசியம்மா மட்டைகளைக் கொட்டகையில் வைக்கப் போனார். நாங்கள் மூவரும் அலைத்தடுப்புக் கற்களின் மேல் உட்கார்ந்தோம்.

"அம்மா" என்றாள் கவிதா. "அன்னைக்கு நீங்க எத்தனாவது குழியில இருந்தீங்க?"

எந்த நாள் என்று லெட்சுமி கேட்கவில்லை. எனக்கும் தெரிந்தது. கவிதா பெரியவளான ஞாயிற்றுக்கிழமை. நான் மலாக்கா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் தண்ணீர் ஊற்றினார்கள். லெட்சுமி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

"பதினாலாவது" என்றாள் லெட்சுமி. "ஆள் வந்து சொன்னான். பெரிய போட்டி அன்னைக்கு. நடுவுல பையைப் போட்டுட்டுப் போனா அடுத்த நாள் வேலை இல்ல. மிச்ச நாலு குழியும் அழுதுக்கிட்டே நடந்தேன். ஆடிக்கிட்டிருந்த துரை என் முகத்தப் பாத்துட்டு, ரொம்ப வேர்க்குது, தொடச்சிக்கோன்னு துண்டு குடுத்தாரு."

இது எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் இதை என்னிடமும் சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை.

கவிதா அம்மாவின் தோளில் சாய்ந்தாள். வயிறு இடித்ததால் சரியாகச் சாய முடியவில்லை. லெட்சுமி கொஞ்சம் நகர்ந்து, தன்னைச் சரிப்படுத்திக்கொண்டு, இடம் கொடுத்தாள். மகளின் வீங்கிய காலை எடுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிவிட ஆரம்பித்தாள். "உப்பே திங்காத" என்றாள். "சரிம்மா" என்றாள் கவிதா. நான் எழுந்து கொட்டகைப் பக்கம் போனேன். அங்கே காசியம்மாவும் வேலை இல்லாமலே நின்றுகொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் வுடுண்ணே" என்றார்.

மறுநாள் காசியம்மா பயந்துகொண்டேதான் வேலைக்குப் போனார். ஆபீசர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். "உன் சம்பந்திக்குத் தோள் நல்லாத் திரும்புது" என்றாராம். இதைக் காசியம்மா வந்து சொன்னபோது லெட்சுமி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "இன்னும் கொஞ்சம் திரும்பணும்" என்றாள்.

எட்டு நாள் கழித்து ராயபுரத்தில் பேத்தி பிறந்தாள். கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் வந்தாள். பிரசவ அறைக்குள் ஒருவரைத்தான் விடுவோம் என்றார்கள். கவிதா, "அம்மா" என்றாள். லெட்சுமி உள்ளே போக, காசியம்மாவும் நானும் தேவாவும் வராந்தாவில் பாதி நாள் நின்றோம். வெளியே வந்த லெட்சுமியின் வளையலில் இரண்டு உடைந்திருந்தது, மகள் பிடித்த பிடியில். குழந்தையை முதலில் காசியம்மாவின் கையில்தான் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் இருவரும் திரும்புவதாகத்தான் திட்டம். கிளம்பும் நாள் நெருங்கியபோது லெட்சுமி, "நீங்க போங்க. நான் இருந்துட்டு வரேன்" என்றாள். "எவ்வளவு நாள்?" என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். சோறு யார் ஆக்குவது என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நானே ஆக்கக் கற்றுக்கொண்டேன். நெத்திலி எனக்கு இன்னும் பதமாக வரவில்லை.

போர்ட்டிக்சனுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் போன் செய்தேன். லெட்சுமிதான் எடுத்தாள். நான் வழக்கம்போல, வெளிநாட்டுக்குப் பேசுகிறோம் என்ற நினைப்பில், "ஹலோ! கேக்குதா?" என்று கத்தினேன்.

"ஷ்ஷ்! மெதுவா" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து. "கொழந்த தூங்கிக்கினு கீது."

அவள் வாயில் அந்தப் பேச்சு வந்து குடியேறியது அவளுக்கே தெரிந்திருக்காது. நான் சொல்லிக் காட்டவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம், யாருமில்லாத வீட்டில், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.